பில்டர் வாங்கிய நாள்

சுலக்ஷனா இறந்து ஒன்றரை மாதம் கழித்து, அவளுடைய தாயும் தகப்பனும் தண்ணீர் பில்டர் வாங்கத் தேயிலைத் தோட்டத்து லய வீட்டிலிருந்து மஸ்கெலியா டவுனுக்குப் போனார்கள். ஒன்பது வயதுப் பிள்ளை. காய்ச்சலும் வயிற்றோட்டமும் வந்து நாலே நாளில் முடிந்துவிட்டது. குடித்த தண்ணீரால் வந்தது என்று டாக்டர் சொன்னார். இனி அவர்களுக்கு மிஞ்சியிருப்பது நான்கு வயது நிஷாந்தி மட்டும்தான்.

"இருக்கறதுலயே நல்லதா குடுங்க," என்றான் கணேசமூர்த்தி, சுவரில் மாட்டியிருந்த கரண்டு மெஷினைக் காட்டி.

கடைக்காரர் மஃறூப் யோசித்தார். "லயத்துக் கொழாயில தண்ணி வேகமா வருமா?"

"காலையில கொஞ்ச நேரம், நூலு மாதிரி," என்றாள் ஜெயந்தினி.

"அப்ப மெஷின் ஓடாது தங்கச்சி. இத எடுங்க." உள்ளே பீங்கான் வடிகட்டி வைத்த இரண்டு அடுக்கு வாளி ஒன்றை மேசையில் வைத்தார். "ஆனா இதுல ஊத்த முந்தி தண்ணிய நல்லா கொதிக்க வைங்க. உள்ளதச் சொன்னா, கொதிக்க வச்சாலே கிருமி செத்துரும். இதுகூடத் தேவயில்ல."

பிள்ளை இறந்தது அவருக்குத் தெரியாது. ஜெயந்தினி வாளியின் மூடியையே பார்த்துக்கொண்டு நின்றாள். கணேசமூர்த்தி வெளியே போய்விட்டான்.

பஸ்ஸில் வரும்போதுதான் வாயைத் திறந்தான். "அன்னைக்கி நான்தானே வேணாம்னேன்."

சுலக்ஷனாவுக்குக் காய்ச்சல் வருவதற்கு முந்திய வாரம் முழுக்க மழை. விறகு ஈரம். குடிதண்ணீரைக் கொதிக்க வைக்க ஜெயந்தினி புகையில் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தபோது, வேலை விட்டுப் பசியோடு வந்தவன் கத்தினான்: "பொறந்ததுலேர்ந்து இந்தப் பச்சத் தண்ணியத்தான் குடிக்கிறோம், செத்தா போயிட்டோம்? தண்ணிய எறக்கிட்டு சோத்த ஆக்கு!" மறுநாள் சுலக்ஷனா குழாயிலேயே போத்தலை நிரப்பிக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள்.

"நெனப்பிருக்கு," என்றாள் ஜெயந்தினி. ஒரு வளைவு தாண்டியபின், "நானும் எறக்கி வச்சேனே," என்றாள்.

ஆட்கள் பார்க்க அவன் விம்மி அழுதான். அவள் அவனைத் தேற்றவில்லை. மடியிலிருந்த பில்டர் பெட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாளிலிருந்து, காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகுமுன் அவனே தண்ணீர் கொதிக்க வைக்கிறான்.

"போதுங்க, கொதிச்சி எவ்வளவு நேரமாச்சு," என்பாள் அவள்.

"இன்னுங் கொஞ்சம்," என்பான். பானையில் பாதி வற்றும்வரை இறக்கமாட்டான்.