கம்பி பிரஷ் போட்ட சுவர்

பெரிய அதிகாரி வருகிறார் என்றால் ரயில்வேக்காரனுக்குக் கை சும்மா இருக்காது, சுண்ணாம்பைக் கரைத்துவிடுவான். மரம், கல், படிக்கட்டு எதையும் விடமாட்டான். அசையாமல் நின்றால் அதிகாரிக்கே ஒரு பூச்சு விழும். காசிராஜனும் அப்படி வளர்ந்த ஆள்தான்.

நீராவி இன்ஜின்களைப் பழுது பார்த்த விருதுநகர் பழைய லோகோ ஷெட்டை நினைவுச்சின்னமாகத் திறக்கப் போகிறார்கள் என்றதும், ஆயுசெல்லாம் அங்கே ஃபிட்டராக இருந்த அவரிடம்தான் சாவியைக் கொடுத்தார்கள். பெருக்கி வைத்தால் போதும் என்றுதான் பொறியாளர் சொல்லிவிட்டுப் போனார். மனுஷன் கேட்டாரா? கூலிக்கு ஆள் பிடித்து, கரி எங்கேயும் தெரியக் கூடாது என்று உத்தரவு போட்டு, சுவரெல்லாம் பளிச்சென்று ஆன பிறகுதான் வீட்டுக்குச் சாப்பிடப் போனார்.

திறப்பு விழாவன்று காலையிலேயே சிவகாசியிலிருந்து பஸ் ஏறி அக்தர் பேகம் வந்துவிட்டாள். காசிராஜனோடு ஒரே குழியில் நின்று இன்ஜினுக்கு அடியில் வேலை பார்த்த சாபிரின் மனைவி. சாபிர் போன வருஷம் மவுத்தாகிவிட்டான்.

"அவுக கை எங்கனண்ணே இருக்கு?"

கடைசி நீராவி இன்ஜின் கிளம்பிய அன்று, எண்ணெய்க் கையோடு ஆளாளுக்குச் சுவரில் ஓர் அச்சு வைத்தார்கள். மோதிர விரல் பாதியாக இருந்தது சாபிருடையது. மீதிப் பாதியை அந்த ஷெட்டிலேயே ஒரு இன்ஜினுக்குக் கொடுத்திருந்தான். சாகும்வரை வீட்டில் அந்த அச்சைப் பற்றியே பேசியிருக்கிறான். அதன்மேல் ஒரு தடவை தன் கையை வைத்துப் பார்க்கத்தான் அவள் வந்திருந்தாள்.

இவரோ கரி என்று பார்த்தாரே தவிர, கை என்று பார்க்கவில்லை. ஏதாவது ஒரு கறையைக் காட்டி ஏமாற்றலாம் என்றால், கறை என்று ஒன்றையும் அவர் விட்டு வைக்கவில்லை. நடந்ததைச் சொன்னார். அவள் கோபப்படாததுதான் அவருக்குத் தாங்கவில்லை.

"சுண்ணாம்பச் சொரண்டுனா அடியில இருக்காதாண்ணே?"

வேலையில் ஏய்க்கிற ஆளாக இருந்திருந்தால் இருந்திருக்கும். பாவி மனுஷன், எதையும் அரைகுறையாகச் செய்து பழகாதவர்.

"கம்பி பிரஷ் போட்டுத் தேய்க்க வச்ச பெறகுதான் தங்கச்சி, அடிக்கச் சொன்னேன்."

அவள் தலையாட்டினாள். அவர் காட்டிய இடத்தில், மோதிர விரலைப் பாதியாக மடக்கிக்கொண்டு, உள்ளங்கையை அழுத்தி வைத்தாள். காய்ந்த சுண்ணாம்பில் அச்சு எதுவும் விழவில்லை.

வெளியே அதிகாரியின் கார் வந்து நின்றது. காசிராஜனை யாரோ கூப்பிட்டார்கள். அவர் போகவில்லை.