ஞாயிற்றுக்கிழமைச் சாவி

“டிராக்டர் சாவியக் குடுங்கப்பா. இப்பவே வேணும்.”

சொல்லி முடிப்பதற்குள் அம்மா ஃபெம்காவின் முழங்கையைப் பிடித்து இழுத்தாள்.

அந்த வீட்டில் கர்த்தரின் ஓய்வுநாளான ஞாயிற்றுக்கிழமை கவாத்துக் கத்தரியைக்கூட யாரும் தொட்டதில்லை. சனிக்கிழமை சாயங்காலம் அப்பா சீட்சா டிராக்டர் சாவியைக் கொண்டுவந்து கட்டிலருகே உள்ள பீங்கான் கோப்பையில் போடுவார். திங்கள் விடிந்தால்தான் அது வெளியே வரும். மூச்சு இழுக்கத் தொடங்கிய பிறகும், நேற்று அம்மாவை அனுப்பி எடுத்துவரச் சொல்லி, கோப்பையில் அது விழும் சத்தத்தைக் கேட்ட பிறகே கண்ணை மூடினார். “எத வேணா கேளு, அத மட்டும் கேக்காத” என்று காலையில்தான் அம்மா ஃபெம்காவிடம் சொல்லியிருந்தாள்.

“ராத்திரி மைனஸ் இருபத்தஞ்சுக்குப் போகுதுப்பா. போத்திக்கப் பனியும் விழல. திராட்சக் கொடியெல்லாம் கீழ்க்கம்பியில கட்டிட்டேன், மண்ணுதான் அணைக்கணும். நாளைக்கு நிலம் கல்லாயிடும். கலப்ப இறங்காது.”

கேட்காமலே எடுத்திருக்கலாம். கோப்பை கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஆனால் அவர் வாயால் வரவேண்டும் என்றிருந்தது அவளுக்கு. எந்தக் குளிருக்கும் அசையாத பழைய கொடிகள் நின்ற நிலம் அது. ஐரோப்பியக் கொடி வைத்தால்தான் நல்ல வைன் வரும் என்று, அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போய்வந்த அவள்தான் சொன்னாள். ஒரு கேள்வி கேட்காமல் அத்தனையையும் பிடுங்கிப்போட்டார் மனிதர். இந்தப் புதுக்கொடிகளுக்கு ஒவ்வொரு குளிர்காலமும் மண்ணுக்குள் படுத்தால்தான் உயிர்.

சீட்சா கண்ணைத் திறந்தார்.

“நாளைக்குத் திங்கக்கெழமதான?” என்றார்.

அவ்வளவுதான். அடுத்த மூச்சு வர நேரமானது. அதற்கடுத்தது வரவில்லை. அம்மா அவர் நெஞ்சில் கையை வைத்தாள், எடுக்கவில்லை.

கட்டில் காலடியில் நின்றிருந்த அண்ணன் கெர்பன் பைபிளை மூடினான்.

“கடைசியா அவரு காதுல விழுந்தது டிராக்டர். திருப்தியா?”

அம்மா வெந்நீர் கொண்டுவந்து அவர் கைகளைத் துடைக்க ஆரம்பித்தாள். கட்டைவிரல் நகக்கண்ணில் கறுப்பாக மண். அம்மா துணி முனையால் அதைத் தேய்த்தாள். போகவில்லை. விட்டுவிட்டாள்.

கெர்பன் அடுப்படியில் நின்று யாரிடமோ தொலைபேசியில் பேசிவிட்டு வந்தான்.

“கல்லறைக்குக் குழி தோண்டுறவரு நாளைக்குத்தான் வருவாராம். நிலம் இறுகிடும்ல, சூடு வெச்சு இளக்கிட்டுத் தோண்டுவாங்களாம்.”

“குழிக்குச் சூடு வைப்பீங்க. வேருக்கு யாரு வைப்பா?”

“வாய மூடு ஃபெம்கா. போதகர் வந்துட்டிருக்காரு. சபையே துக்கம் கேக்க சூப்பும் பன்னும் தூக்கிட்டு நம்ம ரோட்டுலதான் வரும். அப்பன் உள்ள கெடக்குறான், மக ஞாயித்துக்கெழம உழுதுட்டிருக்கான்னு பாத்துட்டுப் போகணுமா?”

“பாக்கட்டும்.”

“அவரு நாப்பது வருசம் மீறாதது.”

“மீறாம இருந்தாரு, சரி. வசந்தம் வந்தா செத்த குச்சியப் பிடுங்கப் போறது யாரு? நீயா? பால் லாரி ஓட்டுறத விட்டுட்டு வந்து பிடுங்குவியா?”

“ஒன்னோட கொடிதான அது!” கெர்பன் குரல் உடைந்தது. “பட்டத்தக் கொண்டாந்து செவுத்துல மாட்டுன. கொடியக் கொண்டாந்து அவரு தலையில கட்டுன. பழசு இருந்திருந்தா அறுவடையோட ஓய்ஞ்சு படுத்திருப்பாரு மனுசன். வயித்து வலியோட குனிஞ்சு குனிஞ்சு மண்ணு அணைச்சிருக்க மாட்டாரு.”

அம்மா துணியைப் பிழிந்தாள். அவன் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் அவளுக்கு எரிந்தது.

“ஆமா,” என்றாள். “அதனாலதான்.”

சன்னலுக்கு வெளியே ஏரிக்காற்று நின்றுபோயிருந்தது. கொட்டகைக் கூரையில் காற்றுத்திசை காட்டும் தகரச் சேவல் மெல்லத் திரும்பி, குளிர் வரும் வடக்கைப் பார்த்தது. ஃபெம்கா அம்மாவைப் பார்த்தாள். அம்மா நிமிரவில்லை. அவர் விரல்களை ஒவ்வொன்றாக ஈரம் போகத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

ஃபெம்கா கோப்பைக்குள் கையை விட்டாள். சாவி பீங்கானில் உரசிய சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

“எடுத்துட்டுப் போனீன்னா, புதன்கெழம அடக்கத்துக்கு என் பக்கத்துல நிக்காத,” என்றான் கெர்பன்.

“தள்ளி நிக்கிறேன்.”

வாசலில் அவருடைய பூட்சும் அவளுடையதும் ஒன்றாகக் கிடந்தன. தன்னுடையதைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். முதல் கார் ரோட்டிலிருந்து வீட்டுப் பாதைக்குள் திரும்பிக்கொண்டிருந்தது. அது ஒதுங்கும் என்றோ நிற்கும் என்றோ பார்க்கவில்லை, முன்னால் புகுந்து குறுக்கே நடந்தாள். கொட்டகைக்கு வெளியே மட்டும் நின்று, குதிகாலால் மண்ணை ஒருமுறை அழுத்தினாள்.

இன்னும் அமுங்கியது.