முனகும் குழாய்

என் வீட்டுக்காரரை ஒரு ஆளாக்க நான் படாத பாடு பட்டேன். சுயமுன்னேற்றப் புத்தகம் வாங்கிக் கொடுத்தால் தலைக்கு வைத்துப் படுத்தார். யோகா வகுப்பில் மூச்சைக் கவனிக்கச் சொன்னால் குறட்டை விட்டாராம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் குளியலறைக் குழாய் மூடியிருக்கும்போதே 'ம்ம்ம்' என்று முனகியது. மனிதர் சுவரில் காதை ஒட்டவைத்து நின்றுவிட்டார்.

"உங்களுக்கு வேற வேலையே இல்லையா?" என்றேன்.

"மூடித்தானே இருக்கு? அப்புறம் ஏன் கத்துது?" என்றவர், சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

பக்கத்து வீட்டுக்காரரைக்கூட ஏறிட்டுப் பார்க்காத மனிதர், மாடி மாடியாக ஏறிக் கதவைத் தட்டி, "உங்க குழாயைக் கொஞ்சம் திறக்கிறீங்களா?" என்று கேட்டிருக்கிறார். மேல்மாடி டீச்சர் வீட்டுக் குழாயில் வாஷர் தளர்ந்திருந்ததாம். தண்ணீர் ஓடும்போதெல்லாம் அது அதிர்ந்து, எங்கள் சுவர்வரை முனகியிருக்கிறது. அதை மாற்றிவிட்டு, தொப்பலாக நனைந்து, பல்லெல்லாம் தெரிய வந்து நின்றார். கல்யாணத்தன்றுகூட அப்படிச் சிரிக்கவில்லை.

"பெருசா கண்டுபிடிச்சுட்டீங்க!" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அன்று மாலை ஃப்ரிட்ஜ் ஓடி நின்றது. நிற்கும்போது ஒரு உதறு உதறியது. வாங்கிய நாளிலிருந்து உதறுவதுதான். ஆனால் ஏன்?

அவர் எழுந்து வருவதற்குள் அதைச் சுவரிலிருந்து பாதி இழுத்திருந்தேன்.

"நான் பார்க்கட்டுமா?" என்றார் ஆசையாக.

"தள்ளிப் போங்க. இது எனக்கு வந்த சந்தேகம்."