மேல்வீட்டு நாயின் தொண்டை

முளைப்பயறில் எள்ளெண்ணெய் விட்டுப் பிசைந்துகொண்டிருந்தாள் கும்சில். தலைக்கு மேலே தொப்பென்று ஏதோ விழுந்தது. ஒரு பெண் கேவினாள். அடுத்த நொடி நாய் குரைக்க ஆரம்பித்தது. கும்சில் கையைக்கூடக் கழுவாமல் இன்டர்காமை எடுத்தாள்.

"மேல்வீட்டு நாய் மறுபடியும் ஆரம்பிச்சிருச்சு. மனுஷங்க நிம்மதியா சாப்பிட வேணாமா?"

சற்று நேரத்தில் எல்லா வீட்டு ஒலிபெருக்கியிலும் நிர்வாக அலுவலகத்தின் அறிவிப்பு வந்தது. நாய் வளர்ப்போர் அதை அமைதியாக வைத்துக்கொள்ள வேண்டுமாம். விழுந்தது என்ன, கேவியது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. அது குடும்ப விஷயம். அடுத்தவர் குடும்ப விஷயத்தில் மூக்கை நுழைக்காத நாகரிகம் கொரியாவின் இன்சியோன் நகரில் இருந்த அந்த அடுக்குமாடியில் எல்லோருக்கும் வாய்த்திருந்தது. நாய் விஷயத்தில் மட்டும் ஆளுக்கு நாலு மூக்கு.

குடியிருப்போர் கூட்டத்திலும் கும்சில்தான் உரக்கப் பேசினாள். துறைமுகச் சந்தையில் மீனைக் கூவி விற்ற தொண்டை அவளுடையது.

"ஒண்ணு அந்த நாய் போகணும். இல்ல, அதோட சத்தம் போகணும்."

மேல்வீட்டு பியோ தேசிக் இடுப்பு வளையக் குனிந்து மன்னிப்புக் கேட்டான். அந்த வாரமே நாயைக் கொண்டுபோய்க் குரல்நாணை வெட்டிவிட்டு வந்தான். அங்கே அப்படிச் செய்த வீடுகள் வேறும் இருந்தன. கீழ்வீட்டுக்கு ஒரு பெட்டி பேரிக்காயும் அனுப்பினான். பேரிக்காய் நல்ல இனிப்பு. கும்சில் நன்றாகத் தூங்கினாள்.

பனி உருகத் தொடங்கிய ஒரு காலையில், தேசிக் வேலைக்குப் போன பிறகு, அவன் மனைவி ஒக்ரான் கதவைத் தட்டினாள். அவள் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள். ஒரு கண் வீங்கி முழுக்க மூடிக் கிடந்தது.

"அக்கா, என்னை விமான நிலையத்துல விட்டுருவீங்களா? நாய்க் கூண்டைப் பாத்தா டாக்ஸிக்காரங்க நிக்கமாட்டேங்கறாங்க. கனடாவுல தங்கச்சி இருக்கா. அவகிட்டப் போயிடறேன்."

"நீ தாராளமாப் போம்மா. நாய் எதுக்கு?"

"போன தடவ அம்மா வீட்டுக்கு ஓடிட்டேன். இவரு இதோட பின்னங்காலை உடைச்சு, போட்டோ எடுத்து எனக்கு அனுப்பினாரு. அதனாலதான் திரும்பி வந்தேன். இத விட்டுட்டுப் போனா, மறுபடியும் வரவெச்சிருவாரு."

கும்சில் அரைமனதோடுதான் வண்டியை எடுத்தாள். வாசலில் காவலாளி, "கூண்டோட எங்கக்கா பயணம்?" என்று கேட்டார். அவள் வாய் சும்மா இருந்திருக்கலாம். "விமான நிலையத்துக்கு" என்று சொல்லிவிட்டாள். காவலாளி அதை நல்ல எண்ணத்தில் தேசிக்குக்குப் போன் போட்டுச் சொன்னார்.

காந்தல் சோற்று நிறத்தில் இருந்ததால் அந்த நாய்க்கு நுருங்ஜி, அதாவது காந்தல், என்று பெயர். விமான நிலையத்தில் அதன் கூண்டை எடைமேடையில் ஏற்றினார்கள். "எவ்வளவு சமத்து! குரைக்கவே மாட்டேங்குதே!" என்றாள் கவுன்டரில் இருந்த பெண். கும்சில் தரையைப் பார்த்தாள்.

அப்போதுதான் பின்னாலிருந்து ஒரு கை வந்து ஒக்ரானின் கூந்தலைப் பிடித்தது.

"என்னை விட்டுட்டு ஓடறியா? ஓடுற காலை இங்கயே ஒடைக்கிறேன் பாரு!"

தேசிக் அவள் முகத்தைக் கவுன்டர் விளிம்பில் மோதினான். உதடு கிழிந்து ரத்தம் சிதறியது. கீழே விழுந்தவளை வயிற்றிலும் விலாவிலும் உதைத்தான். வரிசையில் நின்றவர்கள் பெட்டிகளை இழுத்துக்கொண்டு விலகினார்கள். "புருஷன் பொண்டாட்டி போலிருக்கு" என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

கும்சில் கூண்டைப் பார்த்தாள். நாய் குரைத்துக்கொண்டிருந்தது. வாய் அகலத் திறந்து மூடியது, கழுத்து நரம்பு புடைத்தது, வந்ததோ வெறும் காற்று. அது கம்பியைக் கடித்து இழுத்ததில் ஈறு கிழிந்து ரத்தம் ஒழுகியது. அவன் உதைத்த ஒவ்வொரு உதைக்கும் அது ஒரு தடவை குரைத்தது. இத்தனை காலமும் அது எதற்குக் குரைத்தது என்று கும்சிலுக்கு அந்த இடத்தில்தான் புரிந்தது.

அவள் தள்ளுவண்டியை முழு பலத்தோடு அவன் முழங்காலில் மோதினாள். அவன் சுருண்டு விழுந்தான்.

"கொல்றான்! எல்லாரும் பாத்துக்கிட்டு நிக்கிறீங்களே, கொல்றான்!"

மீன் சந்தைத் தொண்டை மண்டபம் முழுக்க அதிர்ந்தது. விலகியவர்களில் இரண்டு பேர் ஓடிவந்து அவன் மேல் விழுந்து அமுக்கினார்கள். போலீஸ் வந்தது.

"இது எங்க குடும்ப விஷயம், இந்தம்மா யாரு?" என்று தரையிலிருந்தே கத்தினான் தேசிக்.

"உன் குடும்பத்துக்குக் கீழ உக்காந்துதான்டா நான் சோறு தின்னேன். எனக்கும் அது விஷயந்தான்!"

காயம்பட்ட நாயை விமானத்தில் ஏற்றக்கூடாது என்று விதி. கவுன்டர்ப் பெண் நாயைப் பார்த்தாள், ஒக்ரானின் உதட்டைப் பார்த்தாள். கால்நடை மருத்துவரை வரவழைத்தாள். ஈறுதான் கிழிந்திருக்கிறது, ஏற்றலாம் என்றார் அவர். அவள் கம்பியைத் தன் கைக்குட்டையால் துடைத்துவிட்டுச் சீட்டை ஒட்டினாள். வாக்குமூலம் எழுதி முடித்து, கடைசி ஆளாக ஒக்ரான் உள்ளே போனாள்.

மாலையில் கும்சில் நேராக நிர்வாக அலுவலகத்துக்குப் போனாள்.

"என்னக்கா, இன்னைக்கு யார் மேல புகார்?" என்று சிரித்தார் மேலாளர்.

"என் மேல. மைக்கைக் கொடு."

எல்லா வீட்டு ஒலிபெருக்கியிலும் அவள் குரல் கேட்டது.

"நான் ஏழாம் மாடி கும்சில். மேல்வீட்டு நாய் சும்மா குரைக்கல. ஒரு பொம்பளையப் போட்டு அடிக்கிறான், வாங்க வாங்கன்னு நம்மளக் கூப்பிட்டுச்சு. நாம அடிக்கிறவன் கையப் பிடிக்கல. கூப்பிட்ட தொண்டைய அறுக்கச் சொன்னோம். நான்தான் மொதல்ல சொன்னேன். இனிமே பக்கத்து வீட்டுல அடி விழுற சத்தம் கேட்டா, அது குடும்ப விஷயம் இல்ல, குத்தம். போய்க் கதவத் தட்டுங்க. போலீஸக் கூப்பிடுங்க. கேட்டும் கேக்காத மாதிரி இருந்தா, அடிக்கிறவனோட நாமளும் கூட்டு."

மேசையில் இன்டர்காம் ஒலித்தது. மேலாளர் எடுத்துக் கேட்டுவிட்டு, சங்கடத்தோடு அவளைப் பார்த்தார்.

"சாப்பிடற நேரத்துல சத்தம் தொந்தரவா இருக்காம்க்கா."

"இருக்கட்டும்" என்று கும்சில் மைக்கை மறுபடியும் தன் பக்கம் இழுத்தாள். "இன்னொரு தடவ சொல்லப் போறேன். சத்தத்தைக் கூட்டி வை."