இடது கால் படி

1

இந்தக் கதை ஒரு கடை வாசல் போர்டுக்காக எழுதப் போய் வந்தது. குற்றாலத்தில் விடுதி நடத்தும் விஸ்வநாதன் அண்ணாச்சி, கொல்லத்திலிருந்து மோட்டார் வைத்த ஒரு பழைய மரப் படகை, லாஞ்சை, லாரியில் ஏற்றிவந்து, புல்தரையில் நிறுத்தி, அதற்குள் ஜூஸ் கடை போட்டார். "தம்பி, இதோட வரலாறை எழுதிக் குடுங்க. லண்டன் டிசைன்னு கண்டிப்பா வரணும்" என்றார். எனக்கு அப்போதே கதை தோன்றியது என்று சொன்னால் பொய். எரிச்சல்தான் வந்தது.

2

முதல் தொடக்கம்: "கடலே இல்லாத ஊரில் ஒரு படகு..." வேண்டாம், ரொம்ப அழகா இருக்கு.

இன்னொன்று: லண்டன் வரைபடத்தில் இந்த லாஞ்சுக்கு அடிப்பாகம் ஆழம், கூரை உயரம். கொல்லத்துக் கால்வாயில் அப்படி ஓட்டினால் அடி சேற்றில் தட்டும், கூரை பாலத்தில் இடிக்கும். அங்கே படகுப் பட்டறையில் வரைபடம் போட்ட தென்காசிக்காரர் அய்யாத்துரை, அடியைத் தட்டையாக்கினார், கூரையை இறக்கினார், எஞ்சினை நடுவுக்குக் கொண்டுவந்தார். லண்டனுக்கு மிஞ்சியது பேர் மட்டும்தான்.

(சொன்னது, லாஞ்சு வந்ததைக் கேள்விப்பட்டு தென்காசியிலிருந்து பார்க்க வந்த அவர் மகள் ஜெஸி அக்கா. நம்ப மாட்டீர்களோ என்று அவரைக் கதையிலிருந்து எடுத்துவிடப் பார்த்தேன். அவர் போகவில்லை.)

3

போர்டில் அப்பா பேர் வரணும். ஜெஸி அக்கா கேட்டது அவ்வளவுதான்.

"ஆதாரம் இருக்காக்கா?" என்றார் அண்ணாச்சி.

"இருக்கு. எங்கம்மாவுக்கு வலது கால் போலியோ. இடது காலை ஊணித்தான் ஏறுவா. அவளுக்காக, ஏறுற இடத்துல இடது பக்கம் மட்டும் அப்பா ஒரு பாதிப் படி வச்சாரு. லண்டன் படத்துல அது கிடையாது. வாங்க, காட்டுதேன்."

போனோம். படி இல்லை. நடுவில் அகலமாக ஒரு புதுப் படி, வார்னிஷ் வாடையோடு.

"அந்தப் படியா? இடது காலை வச்சு ஏறுனா யாவாரம் விளங்குமாக்கா? திறப்பு விழாவுக்கு முன்னாலயே அறுத்து எடுத்தாச்சு." அண்ணாச்சி நிஜமாகவே வருத்தப்பட்டார். அப்புறம் சொன்னார்: "அப்பம் ஆதாரம் இல்லைல்லா."

4

அய்யாத்துரை அந்தப் படியை வரையும்போது அவர் மனதில்— எனக்கு எப்படித் தெரியும்? விடுங்க.

முடிவு அ: அண்ணாச்சி மனம் மாறி, [அடித்துவிட்டேன். எந்த ஊர்ல நடக்குது இதெல்லாம்?]

முடிவு ஆ: ஜெஸி அக்கா வழக்குப் போட்டு, [எதை வச்சு?]

நடந்தது இது. அக்காவுக்கு ஒரு சாத்துக்குடி ஜூஸ் வந்தது. அவர் தொடவில்லை. "எங்கம்மா காலை ஆகாததுன்னு இதுவரைக்கும் ஒருத்தரும் சொன்னதில்ல அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு, தென்காசி பஸ்ஸுக்குப் போனார்.

5

எழுத எனக்கு மனசு வரவில்லை. அண்ணாச்சி வேறு ஆளை வைத்து எழுதி மாட்டிவிட்டார். லண்டன் டிசைன், தங்க எழுத்தில். வயிறு எரியுது. எரிஞ்சு என்ன செய்ய?

முடிவு என்னிடம் இல்லை. சீசனுக்கு நீங்க வருவீங்க. அருவியில் குளிச்சுட்டு, ஈரத் தலையோட, ஜூஸ் குடிக்க அந்த லாஞ்சில் ஏறுவீங்க. எந்தக் காலை முதலில் வைக்கணும்னு இப்போ உங்களுக்குத் தெரியும்.