மூன்று உளிவெட்டு

கோவிந்தராசுக்கு வாய் கொஞ்சம் நீளம். குடவாசல் பக்கத்திலிருந்த அவர் வயலில் வாய்க்கால் கரையை வெட்டிய பொக்லைன், துருவேறிய நீள இரும்பு ஒன்றை வாரிப் போட்டதுதான் தாமதம், "சோழர் காலத்து ஈட்டிய்யா, நம்ம பூமியில கெடந்திருக்கு" என்று ஊரையே கூட்டிவிட்டார். அதற்குச் சந்தனம் என்ன, குங்குமம் என்ன. பக்கத்தில் நின்று போட்டோவும் எடுத்துக்கொண்டார்.

தொல்லியல் அதிகாரி குந்தவை தஞ்சாவூரிலிருந்து வந்து இறங்கியபோது, கோவிந்தராசு தாம்பாளத்தில் புதிதாகச் சூடமும் ஏற்றினார். குந்தவை தூரிகையால் மண்ணைத் தட்டி, தலைப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"ஈட்டி இல்லைங்க, கடப்பாரை. இருபது வருஷம்கூட இருக்காது. கொல்லர் அடையாளத்துக்கு மூணு உளிவெட்டு போட்டிருக்காரு பாருங்க. யாரோடதுன்னு தெரியுமா?"

கூட்டம் களுக்கென்று சிரித்தது. கோவிந்தராசுக்கு அது காதில் விழவில்லை. மூன்று வெட்டு அவர் வீட்டுக் குறி.

பதினாலு வருஷத்துக்கு முன் ஐப்பசி வெள்ளத்தில் இந்தக் கரை உடைந்தபோது, அடைத்த வைக்கோல் அடித்துப் போகாமலிருக்க, கடப்பாரையை உடைப்பில் இறக்கிச் சேறு போட்டு மூடியவர் அவரேதான். வெள்ளத்தோடு அந்த நினைப்பும் வடிந்துவிட்டது. பிறகு கடப்பாரையைக் காணோம் என்று, தன்னிடம் வேலை செய்த கண்ணுசாமி மேல் பழியைப் போட்டார். போட்டதோடு விட்டாரா? ஐயனார் கோயிலில் சூடத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்ய வைத்தார். அப்போதும் நம்பவில்லை. அதன்பிறகு ஊரில் ஒருவரும் கண்ணுசாமியை வேலைக்குக் கூப்பிடவில்லை.

அந்தக் கண்ணுசாமி கூட்டத்தில் முன்னாலேயே நின்றார். வெட்டைப் பார்த்தார், பிறகு கோவிந்தராசு முகத்தைப் பார்த்தார்.

பேசாமல் இருந்துவிடலாமா என்று கோவிந்தராசுக்கு ஒரு நொடி தோன்றியது. அப்படித் தோன்றியதே அவருக்கு வெட்கமாயிருந்தது.

"என்னுதுங்க. நாந்தான் உடைப்புல அடிச்சேன், மறந்துட்டேன்." தாம்பாளத்துச் சூடத்தின் மேல் கையை நீட்டினார். "கண்ணுசாமி எடுக்கல. சத்தியம்."

கண்ணுசாமி அவர் கையைப் பிடித்து விலக்கினார்.

"எதுக்குண்ணே சுட்டுக்கிறீங்க? நான் கை வச்சும் யாரும் நம்பல. நீங்க வாயால சொன்னாலே நம்பிடுவாங்க."