குதிரை விழுந்துடுச்சு

"நாலு கட்டினாராம். மூணு தேறிச்சாம். கடைசியில குதிரை விழுந்துடுச்சாம். என் காதாலயே கேட்டேன்டா."

"அக்கா, மச்சான் ஆட்டோ வேகமாப் போனாலே கண்ணை மூடிக்குவாரு. அவரு ரேஸுக்குப் போவாரா?"

"போக வேண்டாமே. இப்பல்லாம் போன்லயே கட்டலாம்னு நீதான சொன்ன. 'திரும்ப ஏத்திப் பாக்குறேன் வாத்தியாரே'ங்கிறாரு. குதிரைக்கு ஒரு வாத்தியார் வேற."

செருப்பைக் கழற்றியபடி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். உள்ளே என் மனைவியும் அவள் தம்பியும். பக்கத்தில் அவளுடைய துணிப்பெட்டி, பூட்டித் தயாராக.

விஷயம் இதுதான். நான் அச்சகத்தில் பிழை திருத்துபவன். கொஞ்ச நாளாக மதிய இடைவேளையில், காகிதக் கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து வயலின் கற்கிறேன். கற்கிறேன் என்றால் வாசிக்க இல்லை, சுருதி சேர்க்க. கருவி சுருதியில் நின்றால்தான் பாடம் என்று வாத்தியார் சொல்லிவிட்டார். முந்தின நாள் நாலாவது கம்பியை முறுக்கும்போது, கம்பிகளைத் தாங்கும் மரத்துண்டு சாய்ந்து விழுந்தது. அதன் பெயர் குதிரை. அதைத்தான் மாடியில் நின்று வாத்தியாருக்குப் போனில் சொன்னேன்.

உள்ளே போய்ச் சொல்லிவிடலாம். ஆனால் ஒரு கிட்டாரும் ஆர்மோனியமும் ஏற்கெனவே பீரோ மேல் தூசி தின்றுகொண்டிருக்கின்றன. "இன்னொரு வாத்தியம் இந்தப் படி ஏறினா நான் படி எறங்கிடுவேன்" என்று அப்போதே சொல்லியிருந்தாள். குதிரைக்காரன் என்றாலும் கிளம்புவாள், வயலின்காரன் என்றாலும் கிளம்புவாள்.

அன்று பார்த்து முதலாளி, "பூனை கத்துற இடமாய்யா இது" என்று விரட்டியிருந்தார். வயலின் என் கையிலேயே இருந்தது. உள்ளே போய் வயலின் பெட்டியைத் திறந்து வைத்தேன்.

"இதுவா குதிரை?" ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"ஆமா. பேரே அதுதான். மறுபடி நிக்க வச்சிட்டேன்."

மச்சினன் சிரித்துச் சிரித்துச் சோபாவிலிருந்து சரிந்தான். அவள் சிரிக்கவில்லை.

"ரேஸாவே இருந்திருக்கலாம். சத்தமாவது கேக்காது. சரி, சேத்துக் காட்டுங்க."

போனில் சுருதி காட்டும் முள்ளைப் பார்த்துக்கொண்டே பிரடையைத் திருகினேன். கம்பி சுற்றியிருக்கும் முளைதான் பிரடை. ஒன்று சேர்ந்தது. இரண்டு சேர்ந்தது. மூன்றாவதைத் திருகுவதற்குள் முதலாவது இறங்கிவிட்டது.

"ஏத்துங்க. இன்னும். ஐயோ, ரொம்ப ஏத்திட்டீங்க. கொஞ்சம் எறக்குங்க. ம், அங்கதான்."

முள் நடுவில் வந்து நின்றது. அவள் போனைப் பார்க்கவே இல்லை.

"அக்கா, உன் பெட்டியைக் கீழ எடுத்துட்டுப் போகவா?"

"இருடா. மூணாவது உறுத்துது. இதை இப்படியே விட்டுட்டு வந்தா உன் வீட்டுலயும் எனக்குத் தூக்கம் வராது."

சாயங்காலத்துக்குள் மூன்று கம்பி நின்றது. மச்சினன் தனியாக வீடு திரும்பினான். எனக்குக் கெடு வந்தது: "ஞாயித்துக்கிழமைக்குள்ள நாலும் நிக்கணும். இல்லேன்னா ரெண்டு பெட்டியும் வெளிய போகும். ஒண்ணு இது, ஒண்ணு என்னோடது."

மெல்லிய கம்பியின் பிரடை மட்டும் கையை எடுத்ததும் வழுக்கித் திரும்பிவிடுகிறது. சாக்பீஸ் தூள் தடவச் சொல்கிறான் மச்சினன். அவனை நம்பலாமா தெரியவில்லை. வாத்தியார் போனை எடுக்கவில்லை. வழுக்கும் பிரடையை நிறுத்த என்ன செய்வது? தெரிந்தவர்கள் தயவுசெய்து கீழே எழுதுங்கள், ஞாயிற்றுக்கிழமைக்கு முன்.